அழாத பிள்ளை

மிளகாயக்காவுக்குக் கோபம் வர நாள், நேரம் எதுவும் பார்க்க வேண்டியதில்லை. குழந்தைகள் கண் பிரிவில் பதினெட்டு வருடமாகப் பார்வை சோதிக்கிறவள் அவள். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. டோக்கன் கொடுப்பவரிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் மிளகாயக்காதான். பெரிய டாக்டர் மட்டும் அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார். அந்த அளவுக்கு அவருக்கு உயிர்மேல் ஆசை இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அவள் கோபத்தில் நியாயமும் இருந்தது. பிறந்து இருபது நாளான சிசுவின் கண்ணில் சீழ் வடியும். ஒரு வாரமாகத் தாய்ப்பால்தான் விட்டோம் என்பார்கள். கண்ணீர்க் குழாய் அடைத்து ஓயாமல் நீர் வழியும் குழந்தைக்கு மூக்கோரம் விரலால் நீவிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினால், நீவ நேரமில்லை என்று அண்ணன்காரனுக்கு வாங்கிய மிச்சச் சொட்டுமருந்தை விட்டுக்கொண்டு வருவார்கள். போட்டோவில் பிள்ளையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னுகிறதே என்று கேமராவைப் பழுது பார்க்கக் கொடுத்து நான்கு மாதம் காத்திருந்தார் ஒரு படித்த தகப்பன். உள்ளே புற்று. அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அவரை அவள் அடிக்காமல் விட்டதைப் பற்றி ஆஸ்பத்திரியில் இன்றும் ஆச்சரியமாகப் பேசிக்கொள்கிறார்கள். மாறுகண்ணோடு வரும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 'வளர்ந்தா சரியாயிடும்' என்று சொல்வதற்கு வீட்டுக்கு வீடு ஒரு சித்தப்பா இருக்கிறார்.

ஆனால் அவளுக்கு உச்சிவரை ஏறுவது சோம்பேறிக் கண் விஷயத்தில்தான். பிள்ளைக்கு ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடுதலாக இருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மங்கலான அந்தக் கண்ணை மூளை மெல்ல ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் வைத்துக் காலத்தை ஓட்டும். மூக்குக்கண்ணாடி போட்டு, நல்ல கண்மேல் தினமும் சில மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடினால், ஒதுக்கப்பட்ட கண் வேறு வழியில்லாமல் வேலை செய்து தேறிவிடும். ஏழெட்டு வயதுக்குள் செய்தால் நல்ல பலன். அதற்குப் பிறகு நாள் போகப்போக பலன் குறைந்துகொண்டே போகும். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், ஒட்டுவதற்கு ஒரு பேட்ச் போதும். அதைக்கூடச் செய்ய மாட்டோம் என்கிறவர்களை என்ன செய்வது?

ஒட்டுகிறவர்களிலும் பாதிப் பேர் வலது இடதில் குழம்பினார்கள். "என் வலதா, பாப்பாவோட வலதா?" என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்து கேட்பார்கள். வார்த்தையே வேண்டாம் என்று முடிவுசெய்து இரண்டு வருடத்துக்கு முன்னால் மிளகாயக்கா ஒரு படம் வரைந்தாள். வட்டமாக ஒரு முகம், சிரித்த வாய், இரண்டு கண். மூட வேண்டிய கண்மேல் கறுப்புப் பேட்ச். வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்கு ஒரு படம். பிள்ளை எதிரே நிற்பதுபோலப் பிடித்துக்கொண்டு பார்த்தால் எந்தக் கண் என்பது பளிச்சென்று தெரியும். கீழே ஒரே ஒரு வரி: படத்தில் உள்ளபடி ஒட்டவும். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குக்கூடப் புரியும்மா" என்று பாராட்டி ஆயிரம் பிரதி அச்சடிக்கச் சொன்னார். வேறு இரண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாங்கிப் போனார்கள். அவள் கையால் செய்ததில் அவள் பெருமைப்பட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அன்று திங்கட்கிழமை. எண்பத்தாறு டோக்கன். நாற்பத்தொன்றாவது டோக்கனாக உள்ளே வந்தாள் ஒரு பாப்பா. வயது ஏழு ஆக இரண்டு மாதம் பாக்கி. முன்பல் இரண்டும் இல்லை. கூட வந்தவர் அவளுடைய அப்பா, சலூன்காரர். சட்டைப்பையில் சீப்பு, காலரில் யாருடைய முடியோ. பத்து வாரத்துக்கு முன்பு முதல்தடவை வந்தபோது பாப்பாவின் வலது கண் கடைசி வரிவரை படித்தது. இடது கண் மூன்றாவது வரியோடு நின்றுவிட்டது. மூக்குக்கண்ணாடியும் தினம் ஆறு மணி நேரம் பேட்ச்சும் எழுதிக் கொடுத்திருந்தார் பெரிய டாக்டர். சோதனைக்கு வரும் நாளில் மட்டும் ஒட்டாமல் வரச் சொல்வது வழக்கம்.

மிளகாயக்கா வலது கண்ணை மூடியால் மறைத்தாள். பிள்ளைகள் மூடியின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் வித்தையெல்லாம் அவளுக்கு அத்துபடி என்பதால் அதன்மேல் தன் உள்ளங்கையையும் வைத்தாள்.

"படி பாப்பா."

பாப்பா எதிரே ஒளிரும் பலகையைப் பார்த்தாள். முதல் வரியில் ஒரே ஒரு எழுத்து, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். அதைச் சொன்னாள். இரண்டாவது வரியில் தடுமாறினாள். மூன்றாவது வரிக்கு உதட்டைப் பிதுக்கினாள்.

"இருக்கா, அங்க ஒரு வரி இருக்கா?"

"புகை மாதிரி இருக்கு அத்தை."

மிளகாயக்கா வேறு பலகையைப் போட்டாள். மறுபடியும் அதேதான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டுப் படிக்கச் சொன்னாள். கண் தேறவில்லை, பத்து வாரத்தில் இன்னும் கீழே இறங்கியிருந்தது. அட்டையில் அதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

"எத்தனை நாள் ஒட்டினீங்க?" என்று சலூன்காரரிடம் கேட்டாள்.

"ஒருநாள் தவறல மேடம். காலைல எட்டு மணிக்குக் கடையில வச்சு நானே ஒட்டுவேன். ரெண்டு மணிக்கு ஸ்கூல்ல டீச்சர் எடுத்து பையில போட்டுடுவாங்க. லீவு நாள்ல நானே எடுப்பேன். அவ அம்மாவுக்கு விடிகாலைல வேலை, அதனால இது என் பொறுப்பு."

"ஒருநாள்கூடத் தவறல."

"சத்தியமா மேடம்."

"பாப்பா அழல?"

சலூன்காரரின் முகம் மலர்ந்தது. பாவம், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் ஆபத்து என்று அவருக்கு எப்படித் தெரியும்? "அழவே மாட்டா மேடம். தங்கமான பொண்ணு. ஒட்டிட்டு ஓடிப்போய் விளையாடுவா. ஒருதடவைகூடப் பிச்சு எறிஞ்சதில்ல."

அவ்வளவுதான். எண்ணெயில் விழுந்த கடுகாக வெடித்தாள் மிளகாயக்கா.

"யாருகிட்ட கதை விடுறீங்க? பேட்ச் ஒட்டினா எந்தப் புள்ளையாவது சும்மா இருக்குமா? முதல் வாரம் வீடே ரெண்டாகும். உருண்டு பொரண்டு அழும், பிச்சு எறியும், அப்பன் அம்மாவைக் கடிக்கும். பதினெட்டு வருஷமா பார்க்கிறேன், அழாத புள்ளைய நான் பார்த்ததில்ல. ஒட்டவே இல்லைன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். பொய் சொல்லாதீங்க!"

அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே ஏழு வரிசை பெஞ்சு. பேச்சு நின்றது. கைக்குழந்தைகள்கூட ஒரு நொடி வாயை மூடின.

சலூன்காரர் பையைத் திறந்து மடித்த செய்தித்தாள் ஒன்றை எடுத்தார். தாளை விரித்தார். பயன்படுத்திய பேட்ச்சுகளை வரிசையாக அதில் ஒட்டி வைத்திருந்தார், வாரத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஏழு. "நீங்க கேப்பீங்களோன்னு எடுத்து வச்சேன் மேடம். எண்ணிப் பாருங்க."

"ஒட்டாமலே பிரிச்சுத் தாள்ல ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் அவள். நாக்கில் நரம்பில்லை என்பார்களே, அது அன்று அவளுக்குத்தான் பொருந்தியது. "உங்க சோம்பேறித்தனத்துக்கு அந்தப் புள்ளையோட கண்ணு போகுது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனா, அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் திரும்பாது. புரியுதா? அடுத்த டோக்கன்!"

அவர் தாளை மடித்தார். மடிப்புக்கு மடிப்பு சரியாகப் பார்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பாப்பாவைக் கைப்பிடித்து வெளியே போனார். பெஞ்சில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். அதில் மரியாதை இல்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது மிளகாயக்கா ஏதோ உறுத்துவதை உணர்ந்தாள். முதலில் அது பசி என்று நினைத்தாள். சாப்பிட்ட பிறகும் உறுத்தியது. கடைசியில் பிடிபட்டது. முடி! அந்தத் தாளிலிருந்த பேட்ச்சுகளில் சிலவற்றின் ஓரத்தில் மெல்லிய முடி ஒன்றிரண்டு தெரிந்தது. பிரித்து எடுக்கும்போது பசையோடு வரும் குழந்தைப் புருவ முடி. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் அப்படிப் பேசினாள்.

'சலூன்காரனுக்கு முடிக்கா பஞ்சம்? அங்கே இங்கே கிடந்தது ஒட்டியிருக்கும்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் ஒட்டவில்லை. மறுநாள் காலையில் அவர் கடைக்கே போய் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். பிடித்தால் மனசு ஆறும். அட்டையில் முகவரி இருந்தது.

காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தத் தெருவுக்குள் நுழைந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் கடை, ஒரு மருந்துக் கடை, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு சலூன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இரண்டு நாற்காலி. ஒன்றில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மற்றதில் கைப்பிடிகளின் குறுக்கே ஒரு பலகை போட்டு, அதன்மேல் பள்ளிச் சீருடையில் பாப்பா. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி.

சலூன்காரர் பாப்பாவுக்குப் பின்னால் நின்றார். தலை வாரிவிட்டார். வகிடு எடுத்தார். அப்புறம் ஒரு பேட்ச்சின் பின்தாளை உரித்தார். ஒரு தடவைகூடப் பிள்ளையின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. இருபது வருடமாக இந்த ஊர் ஆண்களின் முகங்களை அவர் சுவர்க்கண்ணாடியில்தான் பார்த்து வந்திருக்கிறார். மீசையின் இரண்டு நுனியையும் அதில் பார்த்துத்தான் சமன் செய்வார். தொழில்காரன் கை கண்ணாடிக்குப் பழகியது. கண்ணாடியின் மேல்மூலையில், ஈரம் படாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, கோணல் இல்லாமல் ஒரு படம் இருந்தது. வட்ட முகம், சிரித்த வாய், ஒரு கண்மேல் கறுப்புப் பேட்ச். பக்கத்தில் அதே அளவில், கண்ணாடிக்குள் பாப்பாவின் முகம்.

அவர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியில் பாப்பாவைப் பார்த்தார். படத்தில் எந்தப் பக்கம் கறுப்போ, கண்ணாடியில் அதே பக்கம் பார்த்து, சுருக்கம் இல்லாமல், ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

பாப்பாவின் இடது கண்ணில்.

மிளகாயக்கா இன்னும் ஓர் அடி உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. எதிரே நிற்கும் பிள்ளைக்கு என்று அவள் வரைந்த படம், கண்ணாடிக்குள் இருக்கும் பிள்ளைக்கு நேர்மாறாகப் போயிருந்தது. பத்து வாரம், எழுபது நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் தேறவேண்டிய கண்ணையே மூடி வைத்திருக்கிறார் மனுஷன், ஒருநாள் தவறாமல். அவர் இந்த அளவுக்கு ஒழுங்கானவராக இல்லாமல் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் அந்தக் கண்ணுக்கு இவ்வளவு கெடுதல் வந்திருக்காது.

பிள்ளை ஏன் அழும்? நன்றாகத் தெரிகிற கண் திறந்தல்லவா இருந்தது! அழவில்லை என்று அவர் சொன்ன அந்த நொடியே பதினெட்டு வருட அனுபவம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தக் கண்ணில் ஒட்டினீர்கள்? அதை அவள் கேட்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

"வாங்க மேடம்." சலூன்காரர் திரும்பாமல், கண்ணாடியில் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். குரல் வறண்டிருந்தது. "நேர்ல பிடிக்க வந்தீங்களா? பார்த்துக்கங்க. ஒட்டுறேனா இல்லையா?"

"அதை எடுங்க," என்றாள் அவள்.

"ஏன்?"

"எடுங்க முதல்ல. அது தப்பான கண்ணு."

அவர் இப்போதுதான் திரும்பினார். "படத்துல இருக்கிற மாதிரித்தானே ஒட்டியிருக்கேன்."

அவள் பாப்பாவின் நாற்காலியைச் சுழற்றித் தன் பக்கம் திருப்பினாள். படத்தைக் கண்ணாடியிலிருந்து பிய்த்து, பாப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். சொல்ல ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் பார்த்தார். திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி பாப்பாவைப் பார்த்தார். நுரை முகத்துக்காரர்கூடக் கண்ணைத் திறந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"கெட்டுப்போன கண்ணை மூடறது இல்லையா அப்போ?"

"இல்ல. நல்ல கண்ணைத்தான் மூடணும். அப்பத்தான் மத்தது வேலை செய்யும்."

"நல்ல கண்ணையா?" அவருடைய குரல் ஏறியது. "அடிபட்ட இடத்துலதானே எவனும் கட்டுப் போடுவான்? நல்ல கண்ணை மூடணும்னு நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

அவள் யோசித்தாள். அவர்கள் முதல்தடவை வந்த அன்று பேட்ச் கையிருப்பு இல்லை. மத்தியானம்தான் வந்தது, மருந்து ஜன்னலில் கொடுத்தார்கள். இருந்திருந்தால் முதல் பேட்ச்சை அவளே ஒட்டிக் காட்டியிருப்பாள். வெளியே கூட்டம் முட்டியது. படத்தை நீட்டி, "இதுல எல்லாம் இருக்கு, அடுத்த டோக்கன்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

"இல்ல," என்றாள். "சொல்லல."

"படத்தைப் பாருன்னீங்க. பார்த்தேன். பத்து வாரம் தினமும் பார்த்தேன். என் கையாலயே என் புள்ளையோட கண்ணை..." சீப்பை எடுத்துச் சுவரில் எறிந்தார். அது இரண்டாக உடைந்து விழுந்தது. பாப்பா மிரண்டுபோய் அப்பாவைப் பார்த்தாள்.

"உங்க மேல தப்பில்ல. எல்லாம் என் தப்பு."

"அது எனக்கும் தெரியுது மேடம்!"

மிளகாயக்கா பாப்பாவின் இடது கண்ணிலிருந்து பேட்ச்சை எடுத்தாள். புதிதாக ஒன்றை உரித்தாள். "இப்பவே ஒட்டணும். ஒரு நாளையும் இனிமே விடக்கூடாது. வயசு இன்னும் கையில இருக்கு, விட்டதைப் பிடிக்கலாம்." இதைச் சொல்லும்போது எவ்வளவு பிடிக்க முடியும் என்று அவளுக்கே தெரியாது.

வலது கண்ணில் ஒட்டினாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பாப்பா இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றில் துழாவினாள்.

"அப்பா! எல்லாம் ஏன் புகையாப் போச்சு? அப்பா, போட்டதை எடுங்க! அப்பா!"

கடை அதிர அழுதாள். காலை உதைத்தாள், பலகை நழுவியது. பேட்ச்சைப் பிய்க்க வந்த கையை மிளகாயக்கா பிடித்தாள். முன்பல் இல்லாத வாயால் பாப்பா அவள் கையைக் கடித்தாள். சலூன்காரர் பிள்ளையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "இல்ல கண்ணு, அப்பா இங்கதான் இருக்கேன் கண்ணு" என்றவர், அவள் முதுகுக்கு மேலாக மிளகாயக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

பத்து வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய அழுகை அது. அவள் நின்று முழுவதையும் கேட்டாள்.

அழுகை விசும்பலாக இறங்கியபோது அவர் சொன்னார்: "நேத்து நீங்க கத்தினப்போ அங்க பெஞ்சுல உக்காந்திருந்தவங்கள்ல மூணு பேரு என் கஸ்டமர். சாயங்காலம் ஒருத்தன் இங்க வந்து, புள்ளையைக் கவனிக்காம கடையைக் கவனிக்கிறியேய்யான்னு கேட்டுட்டுப் போறான். ராத்திரி என் சம்சாரம் என்கிட்ட முகங்கொடுத்துப் பேசல. இங்க வந்து, நாலு சுவத்துக்குள்ள, என் தப்புன்னு சொல்றது சுலபம் மேடம். பொய்யன்னு எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க."

"வாங்க," என்றாள் மிளகாயக்கா. "இப்பவே."

நுரை முகத்துக்காரர் தன் முகத்தைத் தானே துடைத்துக்கொண்டு எழுந்தார். "நானும் வரேன்யா," என்றார். அவர் அந்த மூன்று பேரில் ஒருவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் பெரிய டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"படம் சரியாத்தானேம்மா இருக்கு? அவர் பார்த்த விதம் தப்பு. வீட்டுல தப்பா ஒட்டியிருக்காங்கன்னு அட்டையில எழுது, சிகிச்சையை மறுபடி ஆரம்பி. இதை ஹால்ல போய்ச் சொன்னா நாளைக்கு ஒருத்தனும் நம்மை நம்ப மாட்டான். ஆயிரம் பிரதி போயிருக்கு."

"அதனாலதான் சார் சொல்லணும்."

"உன் வேலைக்கு நீயே உலை வைக்காதே."

"அந்தப் படத்துல கண்ணாடின்னு ஒரு வார்த்தை நான் எழுதல. நல்ல கண்ணுன்னு ஒரு வார்த்தை எழுதல. வார்த்தையே வேணாம்னு நினைச்சேன், அவ்வளவு திமிரு எனக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க. மறைச்சா அது எந்தப் புள்ளையோட கண்ணுல போய் முளைக்கும் சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். சாத்தவும் இல்லை.

ஹாலில் ஏழு வரிசையும் நிறைந்திருந்தது. சலூன்காரர் சுவரோரம் நின்றார். தோளில் பாப்பா, வலது கண்ணில் பேட்ச், மூச்சு மூச்சாக விசும்பிக்கொண்டு. மிளகாயக்கா முன்னால் போய் நின்றாள். பதினெட்டு வருடமாக இந்த ஹாலைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். இன்றும் கத்தத்தான் செய்தாள். ஆள் மட்டும் வேறு.

"எல்லாரும் கேளுங்க! நேத்து இதே இடத்துல இவரைப் பொய்யருன்னு சொன்னேன். சோம்பேறின்னு சொன்னேன். இவர் பொய் சொல்லல. ஒருநாள் தவறாம ஒட்டியிருக்கார். நான் கொடுத்த படத்தைக் கண்ணாடியில வச்சு, கண்ணாடியில பார்த்து ஒட்டியிருக்கார், பக்கம் மாறிப்போச்சு. அதை நான் யோசிச்சிருக்கணும், யோசிக்கல. நல்ல கண்ணைத்தான் மூடணும்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கணும், சொல்லல. அழலன்னு இவர் சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். புரியல, ஏன்னா கத்திக்கிட்டிருந்தேன். இந்தப் பாப்பாவோட கண்ணு இறங்கிப்போனதுக்குக் காரணம் நான்."

அவள் பாப்பாவின் அட்டையை எடுத்து, எல்லோர் எதிரிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாள் மறுபடி கிழிந்தது. சலூன்காரர் தலையை ஆட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அட்டையை வாங்கி ஒரு எழுத்து விடாமல் படித்துப் பார்த்தார். படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

ஹாலில் சலசலப்பு எழுந்தது. யாரோ "அட" என்றார்கள். யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். மிளகாயக்கா உள்ளே போகத் திரும்பினாள்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள், வெளியூர்க்காரி, இரண்டு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் மறுசோதனைக்கு வந்தவள். பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன், மடியில் கிடந்த பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தான். அவள் ஒரு கையால் அவனுடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். இன்னொரு கையில் மிளகாயக்காவின் படம் இருந்தது. மடித்து மடித்து ஓரம் நைந்த படம். அதை அவன் முகத்துக்கு நேராக ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பிடித்துப் பார்த்தாள்.

"மேடம், இவனுக்கு ரெண்டு வருஷமா ஒட்டுறேன்," என்றாள். "இவனும் அழவே இல்லையே மேடம்."